தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் தயாரிக்கும் கடமையும்



சென்ற மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முகப்பில் நின்றுகொண்டிருந்தபோது, நமது பங்கைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் கையில் இரண்டு தாள்களுடன் வந்தார். தாம்பரத்தை அடுத்த கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் பதினாறு ஆண்டுகளாகக் கணிதம் கற்பிப்பவர். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழியில் நடத்தும் கல்வி மேலாண்மை, நிர்வாக முதுநிலைப் பட்டயப் படிப்பின் விவரங்களை அச்சிட்டு எடுத்து வந்திருந்தார். "வீட்டில் யாருக்கும் விருப்பமில்லை, ஃபாதர். இதனால் சம்பளம் ஒரு ரூபாய் கூடுமா என்று அவர் கேட்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார்.

கணவர் கேட்டதில் தவறில்லை. தமிழகத்தில் ஆசிரியர்கள் கூடுதல் பட்டம் பெற்றால் கிடைத்துவந்த ஊக்க ஊதிய உயர்வு 2020-இல் நிறுத்தப்பட்டது. பதவி உயர்வும் நிச்சயமில்லை. வீட்டு வேலை, பள்ளி வேலை, விடைத்தாள் திருத்தம், எமிஸ் இணையதளத்தில் பதிவேற்றம், இவற்றுக்கிடையே இன்னொரு தேர்வு எதற்கு என்பது நியாயமான கேள்விதான். "படியுங்கள் அம்மா, நல்லது" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி ஒரு வாரம் நம்மை விடவில்லை. அவர் தம் குடும்பத்தின் சார்பில் கேட்ட கேள்வியை, கத்தோலிக்கப் பள்ளிகளை நடத்தும் நாமும் நம்மைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும் என்றே தோன்றியது.

சிறுபான்மைப் பள்ளிகளைப் பற்றி அண்மைக்காலத்தில் நம் மக்கள் மிகுதியாகப் பேசிக்கொண்டது 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைப் பற்றித்தான். ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள், ஏற்கெனவே பணியில் இருந்தாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறவேண்டும் என்றது அத்தீர்ப்பு. ஐந்து ஆண்டுக்குள் ஓய்வு பெறுவோர் தேர்வின்றிப் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கேட்க முடியாது. சிறுபான்மைப் பள்ளிகளை மட்டும் இதில் சேர்க்காமல், கல்வி உரிமைச் சட்டம் நமக்குப் பொருந்தாது என்று 2014-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது சரிதானா என்ற கேள்வியைப் பெரிய அமர்வு ஆராயவேண்டும் என்று பரிந்துரைத்தது. செய்தி வந்த அன்று நமது ஆசிரியர்கள் பலர் தொலைபேசியில் அழைத்துக் கேட்டது ஒன்றே: "நாம் தப்பித்தோமா?"

அந்தக் கேள்வி நமக்கு உவப்பாக இல்லை. நமது உரிமைகளைக் காக்க வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். ஆயர் பேரவை இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 30-ஆம் பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவின் வலிமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கேரளத்தின் மலங்கரை கத்தோலிக்கக் கல்லூரி ஒன்றின் வழக்கில் 2006 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சிறுபான்மை நிறுவனம் அரசு உதவி பெற்றாலும், தகுதியுள்ள ஒருவரைப் பணிமூப்பைப் பார்க்காமலும் தன் தலைவராகத் தேர்ந்துகொள்ளலாம். நிறுவனத்தை நிர்வகிக்கும் உரிமையின் மிக முக்கியமான பகுதியே தலைவரைத் தேர்வதுதான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நாடெங்கும் உள்ள நமது பள்ளிகள் இந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் தலைமையாசிரியரை நியமிக்கின்றன.

சரி, அந்த உரிமையை வைத்துக்கொண்டு நாம் யாரைத் தேர்கிறோம்? பட்டம் உண்டா, பி.எட். உண்டா, கற்பித்த ஆண்டுகள் போதுமா என்று பார்க்கிறோம். அதற்கு மேல், அருள்பணியாளரா, அருட்சகோதரியா என்று பார்க்கிறோம். பள்ளியை நடத்தக் கற்றிருக்கிறாரா என்று பார்ப்பதில்லை. தாளாளர் நிலையோ இன்னும் மோசம். பங்குத்தந்தையாக மாற்றல் ஆணை வரும். அதோடு பள்ளியின் தாளாளர் பொறுப்பும் ஒட்டிக்கொண்டு வரும்.

நாமும் அப்படி வந்தவர்தாம். குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பல ஆண்டுகள் படித்தோம். மூவொரு கடவுளைப் பற்றி எழுதச் சொன்னால் இன்றும் பத்துப் பக்கம் எழுதுவோம். ஆனால் முதன்முதலாகத் தாளாளர் நாற்காலியில் உட்கார்ந்தபோது, பணிப்பதிவேடு என்றால் என்ன என்று எழுத்தரிடம்தான் கேட்டோம். அதன் விளைவை ஓர் ஆசிரியர் அனுபவித்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. முப்பத்தொரு ஆண்டு தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வூதியக் கருத்துரு ஒருமுறை அல்ல, மூன்றுமுறை திரும்பி வந்தது. அவருடைய பணிப்பதிவேட்டில் ஒரு காலகட்டத்தின் விடுப்புப் பதிவுகளுக்குத் தலைமையாசிரியர் கையொப்பம் இல்லை. தேர்வு நிலை பெற்றதற்கான பதிவு சான்றொப்பம் இல்லாமல் கிடந்தது. முதல் நியமன ஒப்புதல் ஆணையின் நகலைக் காணவில்லை. மூன்று தலைமையாசிரியர்களும் நான்கு தாளாளர்களும் அந்தப் பதிவேட்டின்மேல் உட்கார்ந்து எழுந்திருக்கிறோம், ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. பத்தொன்பது மாதங்கள் அவர் முழு ஓய்வூதியம் இல்லாமல் இருந்தார். மகளின் திருமணம் ஓர் ஆண்டு தள்ளிப்போனது. மாதம் ஒருமுறை வந்து அலுவலக வாசலில் உள்ள பெஞ்சில் உட்காருவார். ஒரு நாளும் கோபமாகப் பேசியதில்லை. அதுதான் நம்மை இன்றும் உறுத்துகிறது.

இது ஏதோ எழுத்தர் வேலை என்று நினைக்கவேண்டாம். நிர்வாகம் தவறினால் பணமும் போகும், உயிரும் போகும். நமது தாம்பரம் பகுதி மக்களுக்கு 2012 ஜூலை மாதத்தை நினைவூட்ட வேண்டியதில்லை. சேலையூர்ப் பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்புப் படித்த சிறுமி, பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக முடிச்சூரில் சாலையில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. பள்ளிப் பேருந்துகளுக்கென்று மாநில அரசு அதே ஆண்டில் தனி விதிகளைக் கொண்டுவந்தது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகினார்கள். அந்த இரண்டு இடங்களிலும் குறைவாக இருந்தது கற்பிக்கும் திறமையா? இல்லை. பேருந்தின் தரையைப் பார், கூரையைப் பார், வெளியேறும் வழியைப் பார் என்று ஒருவருக்குப் பொறுப்பு வரையறுக்கப்பட்டு, அவர் பார்த்தாரா என்று இன்னொருவர் கேட்கும் ஏற்பாடு இருந்ததா என்பதுதான் கேள்வி. கல்வி நிர்வாகம் என்ற பாடம் கற்றுத்தருவது அந்த ஏற்பாட்டைத்தான்.

இன்று தலைமையாசிரியரின் மேசைக்கு வரும் விஷயங்களை எண்ணிப் பாருங்கள். 2018-இல் இயற்றப்பட்டு 2023-இல் விதிகளுடன் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், நம்மில் பலர் இன்னும் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கும் பழைய 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்துவிட்டது. அங்கீகாரம் புதுப்பிக்கக் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று என்று நான்கும் காலாவதியாகாமல் இருக்கவேண்டும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைத் தடுக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தமக்குக் கீழ் பணியாற்றும் ஒருவர் குற்றம் செய்தது தெரிந்தும் புகார் செய்யாத நிறுவனத் தலைவருக்கு ஓர் ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. "நமக்குள் பேசி முடித்துக்கொள்வோம்" என்ற பழைய பழக்கத்துக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. நமக்கு இது தெரியும் என்று எல்லாரும் சொல்கிறோம். ஒரு வியாழக்கிழமை மாலை நான்கரை மணிக்கு ஒரு தாய் அழுதுகொண்டு வந்து நிற்கும்போது யாரை முதலில் அழைக்கவேண்டும், என்ன எழுதவேண்டும், அந்தப் பிள்ளையிடம் எதைக் கேட்கக்கூடாது என்பது தெரியுமா?

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. உதவி பெறும் பள்ளியில் எத்தனை ஆசிரியர் பணியிடம் என்பது ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்து நிர்ணயிக்கப்படுகிறது. தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், நடுநிலையில் 35-க்கு ஒருவர் என்பது சட்டம் சொல்லும் விகிதம். 2021-இல் மாநகராட்சியாகிவிட்ட தாம்பரத்திலும், மேடவாக்கம், சோழிங்கநல்லூர்ப் பக்கமும் அடுக்குமாடிகள் எழுந்துகொண்டே இருக்கின்றன. சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் பேருந்துகள் நம் ஆலய வாசல் வரை வந்து பிள்ளைகளை ஏற்றிச் செல்கின்றன. தமிழ்வழி நடத்தும் நமது உதவி பெறும் பள்ளியில் சில பிள்ளைகள் குறைந்தால் ஓர் ஆசிரியர் "உபரி" ஆகிறார். ஆகவே மே, ஜூன் மாதங்களில் எந்தத் தெருவில் எத்தனை வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை உண்டு, கட்டட வேலைக்கு வந்த வட மாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் போகிற தலைமையாசிரியரின் பள்ளி பிழைக்கிறது. செப்டம்பரில் விழித்துக்கொள்பவரின் பள்ளி தேய்கிறது. நமது அன்பியங்கள் ஒரு வாரத்தில் இந்தக் கணக்கை எடுத்துக் கொடுத்துவிடும். யாராவது கேட்கவேண்டுமே!

கல்வி நிர்வாகத்தைத் தனிப் பாடமாகப் படிப்பது நம் நாட்டில் புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான குழு 1952-53-இலேயே, உயர்நிலைப் பள்ளியின் நன்மை தீமை தலைமையாசிரியரைச் சார்ந்தது என்று வலியுறுத்தியது. 1964-66-இல் கோத்தாரி குழு, கல்வி அதிகாரிகளுக்கென்று தேசிய அளவில் ஒரு பயிற்சிக் கல்லூரி வேண்டும் என்றது. 1960-களின் தொடக்கத்தில் யுனெஸ்கோவின் ஆசிய மையமாக டெல்லியில் தொடங்கிய நிறுவனம்தான் பின்னர் அந்தப் பணியை ஏற்றது. 2006-இல் அது பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. நீபா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த நிறுவனத்தில் பள்ளித் தலைமைக்கென்றே ஒரு தேசிய மையம் இயங்குகிறது. இணையவழிப் பாடமும் நடத்துகிறது. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையோடு நமக்குப் பல வேறுபாடுகள் உண்டு. ஆனால் ஆசிரியர்களைப் போலவே பள்ளித் தலைவர்களும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது பயிற்சி பெறவேண்டும் என்று அதில் சொல்லியிருப்பதை யார் மறுக்க முடியும்?

டெல்லி வரை போகத் தேவையில்லை. தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008-இல் அரசுச் சட்டத்தால் உருவானது. அதன் வளாகம் பழைய மாமல்லபுரம் சாலையில் காரப்பாக்கத்தில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் பேருந்தில் போய்விடலாம். சைதாப்பேட்டையில் அரசின் பழம்பெரும் ஆசிரியர் கல்லூரி இருக்கிறது. மின்சார ரயிலில் போகலாம். இவற்றின் எம்.எட். படிப்பில் கல்வி நிர்வாகமும் ஒரு பகுதி. ஆனால் எம்.எட். இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பு. பணியில் இருப்பவருக்கு அது கடினம். நமது ஆசிரியை கொண்டுவந்த திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டயத்துக்கு எந்தப் பட்டதாரியும் சேரலாம். வேலையை விடவேண்டியதில்லை. கல்வி மேலாண்மை வளர்ந்த வரலாறு, மனிதர்கள் ஒரு நிறுவனத்துக்குள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற பாடம், நிறுவன மேலாண்மை, இவற்றோடு தாமே செய்துகாட்டவேண்டிய ஒரு செயல்திட்டம். பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருப்பது நமது ஆசிரியர் சிலருக்குத் தயக்கம் தரலாம். அவர்களுக்கு, டி.என்.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் துறைத் தேர்வுகளின் பாடத்திட்டமாவது உதவும். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பதவி உயர்வுக்காக அந்தத் தேர்வுகளை எழுதித் தேறுகிறார்கள். கணக்கு விதிகளும் அலுவலக நடைமுறையும் தெரியாமல் அவர்கள் அந்த நாற்காலிக்கு வருவதில்லை. நாம் வருகிறோம்.

அரசுப் பல்கலைக்கழகம் எதற்கு, நாமே பயிற்சி கொடுக்கலாமே என்பவர்களும் உண்டு. கொடுத்துத்தான் வருகிறோம். தியான இல்லத்தில் இரண்டு நாள் கருத்தரங்கு, ஒரு கோப்பு, ஒரு பேனா, மதியம் பிரியாணி, இறுதியில் குழுப் புகைப்படம். அதில் நாமே நம்மைப் பற்றி நமக்கே நல்லவிதமாகப் பேசிக்கொள்கிறோம். பொதுப் பல்கலைக்கழக வகுப்பில் பக்கத்து இருக்கையில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளித் தலைமையாசிரியர் உட்கார்ந்திருப்பார். நாளைக்கு வட்டாரக் கல்வி அலுவலராகப் போகிறவர் இருப்பார். ஓர் இஸ்லாமியப் பள்ளியின் ஆசிரியை இருப்பார். கழிவறைக்குத் தண்ணீர் வராத பள்ளியை எப்படி நடத்துகிறார்கள் என்று அவர்களிடம் கேட்கலாம். நம் தாளை நம்மை அறியாத ஒருவர் திருத்துவார். அது நமக்கு நல்லது.

நிர்வாகம், மேலாண்மை என்ற சொற்களைக் கேட்டாலே முகம் சுளிக்கும் அருள்பணியாளர்கள் இருக்கிறார்கள். பள்ளி என்ன கம்பெனியா என்பார்கள். அந்தக் கவலையில் உண்மை உண்டு. பிள்ளைகளை "இலக்கு" என்றும் பெற்றோரை "வாடிக்கையாளர்" என்றும் பேசத் தொடங்கிவிட்ட பள்ளிகளை நமது புறநகரிலேயே பார்க்கிறோம். ஆனால் பதிவேட்டைச் சரியாக வைப்பதற்கும் வாணிபத்துக்கும் என்ன சம்பந்தம்? விடுதலைப் பயண நூலின் 18-ஆம் அதிகாரத்தில் மோசே காலை முதல் மாலை வரை தனியாக உட்கார்ந்து மக்களின் வழக்குகளைத் தீர்க்கிறார். பார்க்க வந்த மாமனார் இத்திரோ, இப்படிச் செய்தால் நீரும் களைத்துப்போவீர், மக்களும் களைத்துப்போவார்கள் என்ற பொருளில் கண்டிக்கிறார். ஆயிரவருக்கும் நூற்றுவருக்கும் ஐம்பதின்மருக்கும் பதின்மருக்கும் தலைவர்களை நியமிக்கச் சொல்கிறார். சொன்னவர் இஸ்ரயேலர் அல்லர், மிதியானின் அர்ச்சகர். மோசே அதைக் கேட்டு நடந்தார். அயலார் சொன்ன நிர்வாகம் எனக்கு எதற்கு என்று சொல்லவில்லை.

திருச்சபைச் சட்டமும் இதையே கேட்கிறது. கத்தோலிக்கப் பள்ளியில் தரப்படும் கல்வி, கல்வித் தரத்தில் அந்தப் பகுதியின் மற்றப் பள்ளிகளுக்கு எந்த வகையிலும் குறையாதபடி பள்ளித் தலைவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது 806-ஆம் சட்டத்தின் இரண்டாம் பத்தி. "அந்தப் பகுதியின்" என்ற வரம்பைக் கவனியுங்கள். சேலையூரில் உள்ள நம் பள்ளியைச் சேலையூரின் மற்றப் பள்ளிகளோடு வைத்துப் பார்க்கவேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கிறிஸ்தவக் கல்வி அறிக்கை வெளிவந்த அறுபதாம் ஆண்டையொட்டி, 2025 அக்டோபரில் திருத்தந்தை பதினான்காம் லியோ வெளியிட்ட திருத்தூது மடலும் கல்விப் பணியாளர்களின் உருவாக்கத்தை அழுத்திச் சொல்கிறது. ஆன்மிக உருவாக்கத்தோடு அறிவுத் துறையிலும் கற்பித்தலிலும் பெறும் உருவாக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது.

பட்டயம் வாங்கிய எல்லாரும் நல்ல தலைமையாசிரியர் ஆகிவிடுவார்கள் என்று நாம் சொல்லவில்லை. நமக்குத் தெரிந்த மிகச் சிறந்த தலைமையாசிரியை ஓர் அருட்சகோதரி. எந்த மேலாண்மைப் படிப்பும் படிக்காதவர். ஒவ்வொரு பிள்ளையின் வீடும் அவருக்குத் தெரியும். ஆனால் அவருடைய பதிவேடுகளில் ஒரு பிழை காட்டமுடியாது. பழைய காலத்து எழுத்தர் ஒருவரிடம் முப்பது ஆண்டுகள் பக்கத்தில் இருந்து கற்றுக்கொண்டதாகச் சொல்வார். அந்த எழுத்தர்கள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். நாமறிந்த சில பள்ளிகளில் அந்தப் பணியிடங்கள் பல ஆண்டுகளாகக் காலி. பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்ள ஆளில்லாதபோது பல்கலைக்கழகத்துக்குத்தான் போகவேண்டும்.

யாரை அனுப்புவது என்பதில்தான் நமது தயக்கம் வெளிப்படுகிறது. இளம் அருள்பணியாளர் ஒருவரை மேற்படிப்புக்கு அனுப்ப வேண்டுமென்றால் பணம் கிடைக்கிறது. உரோமைக்கே அனுப்புகிறோம். பொதுநிலையினரான ஆசிரியை, பதினாறு ஆண்டு வகுப்பறையில் நின்றவர், நாளைக்கு இந்தப் பள்ளியின் தலைமையாசிரியராகலாம் என்ற எண்ணமே நமக்கு வருவதில்லை. நமது பள்ளிகளில் கற்பிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பொதுநிலையினர். அருள்பணியாளர் ஐந்தாண்டில் மாற்றலாகிப் போய்விடுவார். அந்த ஆசிரியை பக்கத்துத் தெருவில் ஓய்வு பெறும்வரை இருப்பார். உரிமை நம் கையில் இருக்கும்போது பணிமூப்பையும் தாண்டித் தகுதியானவரைத் தேரலாம் என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்த உரிமையை நாம் துறவற உடையைப் பார்த்து மட்டுமே பயன்படுத்தி வந்திருக்கிறோம்.

சென்ற பங்குப் பேரவைக் கூட்டத்தில் இதை முன்வைத்தோம். ஆசிரியையின் கட்டணத்தில் பாதியைப் பங்கின் கல்வி நிதியிலிருந்து தரலாமா என்று கேட்டோம். அரை மணி நேரம் விவாதம் நடந்தது. "படித்து முடித்துவிட்டு வேறு பள்ளிக்குப் போய்விட்டால்?" என்று ஒருவர் கேட்டார். "அருள்பணியாளர்கள் போவதில்லையா?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு அம்மா கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். பிறகு பாதித் தொகை தர முடிவானது. அடுத்த ஆண்டு இன்னும் இருவரை அனுப்பலாம் என்றும் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்கள்.

ஆசிரியை சென்ற வாரம் மீண்டும் வந்தார். செயல்திட்டத்துக்கு இப்போதே தலைப்பு யோசித்துவிட்டாராம்: தமது பள்ளியிலேயே எல்லா ஆசிரியர், அலுவலர்களின் பணிப்பதிவேடுகளையும் முதல் நியமன நாள் முதல் சரிபார்ப்பது, விடுபட்டதைப் பட்டியலிடுவது. அடுத்த மூன்று ஆண்டுகளில் அங்கே நான்கு பேர் ஓய்வு பெறுகிறார்கள். தலைமையாசிரியரிடமும் தாளாளரிடமும் பேசினோம், இருவரும் ஒப்புக்கொண்டார்கள். சனிக்கிழமை முதல் பீரோ சாவி அவரிடம் இருக்கிறது.